டூட்டி முடிந்த பிறகும் முடியாத வேலை

நர்ஸ்களின் மனச்சோர்வு என்று பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே காரணத்தில் வந்து நிற்கிறார்கள். நாள் முழுக்க வலியையும் சாவையும் பார்க்கிறார்கள், இரக்கப்பட்டு இரக்கப்பட்டு மனசு வற்றிப்போய்விடுகிறது என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நைட் டூட்டி முடித்துப் படுத்தவரிடம் கண்ணை மூடியதும் என்ன வந்து நின்றது என்று கேட்டுப் பாருங்கள். "12-ஆம் பெட்டை நாலு மணிக்குத் திருப்பிப் போட்டேனா?" "பொட்டாசியம் ரிப்போர்ட் இன்னும் வரலைன்னு காலைல வந்தவங்ககிட்ட சொன்னேனா?" "அந்தப் பாட்டி தண்ணி கேட்டாங்களே, கொடுத்தேனா, இல்ல பெல் அடிச்சதுன்னு போயிட்டேனா?" சாவுக்கு ஒரு முடிவு உண்டு. அழலாம், ஆறலாம். இந்தச் சில்லறைக் கேள்விகளுக்கு முடிவே கிடையாது. அரைத் தூக்கத்தில் எழுப்பி உட்கார வைப்பவை இவைதான்.

இரக்கம் என்பது தொட்டித் தண்ணீர் போல, மொண்டால் குறையும் என்ற உவமை எனக்கு ஒருபோதும் ஒட்டவில்லை. பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் மனம் ஓய்ந்துபோவதை, அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் கேள்வித்தாளை உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் வெளியிட்டார்கள். 22 கேள்விகள், மூன்று அளவுகள். முதலாவது உணர்ச்சிக் களைப்பு. இரண்டாவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் ஒரு கேஸாகப் பார்க்கத் தொடங்கும் விலகல். மூன்றாவது, 'நான் செய்ததில் ஏதோ பலன் இருந்தது' என்ற நிறைவு. மேடையில் பேசுகிறவர்கள் முதல் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றாவதை யாரும் தொடுவதில்லை. செவிலியரின் மகிழ்ச்சி ஒளிந்துகொண்டிருப்பது அங்கேதான் என்பது என் கட்சி. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் பர்ன்அவுட்டை நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் வகைப்படுத்தியது. அப்படியிருந்தும் நர்ஸையே நோயாளியாக்கி, இரவு முழுக்க விழித்தவரை காலை ஒன்பது மணிக்குத் தியான வகுப்பில் உட்கார வைக்கிறோம். தூங்க விட்டிருந்தாலாவது புண்ணியமாகப் போயிருக்கும்.

630 நிமிடங்கள்

ஒரு வார்டு, ஒரு நர்ஸ், 10 நோயாளிகள், 12 மணி நேர ஷிஃப்ட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். மொத்தம் 720 நிமிடம். தொடக்கத்திலும் முடிவிலும் ஹேண்டோவர், அதாவது ஒரு ஷிஃப்ட் நர்ஸ் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது, 30 நிமிடம் வீதம் 60, இடைவேளை 30. மிச்சம் 630. நாடி, ரத்த அழுத்தம், சுவாசம், காய்ச்சல், ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்க்க ஆளுக்கு 4 நிமிடம் என்றால் மூன்று சுற்றுக்கு 120. மருந்து ரவுண்டு மூன்று, ஆளுக்கு 5 நிமிடம்: 150. பத்துப் பேருக்கும் சார்ட் எழுத 100. படுத்த படுக்கையாக மூன்று பேர் இருந்தால் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். ஆளுக்கு ஆறு முறை, மொத்தம் 18 முறை, ஒவ்வொன்றும் 5 நிமிடம், ஆக 90. திருப்ப இரண்டு பேர் வேண்டும் என்பதால் பக்கத்து நர்ஸ் வந்த கடனுக்கு நாமும் அவருடைய நோயாளிகளுக்குப் போகிறோம், இன்னொரு 90. கூட்டினால் 550. கையில் இருப்பது 80 நிமிடம்.

அந்த 80-க்குள்தான் மற்ற எல்லாமும் அடங்க வேண்டும். ஒரு புது அட்மிஷன் 45 நிமிடம் தின்னும். மருந்து ஏற்ற நரம்பில் செருகும் கேனுலா குழாய் போட்ட இடம் வீங்கிவிட்டால் எடுத்துவிட்டு வேறு நரம்பு தேட 15 நிமிடம். நரம்பு நழுவும் முதியவர் என்றால் அரை மணி. யாருக்காவது திடீரென மூச்சு முட்டினால் கணக்கு அந்த நிமிடமே கவிழ்ந்துவிடும். நேரத்தை ஒழுங்காகத் திட்டமிடத் தெரியாத நர்ஸ் என்று யாரையும் குறை சொல்லும் முன் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நேரம் போதாதபோது எது முதலில் விழுகிறது? அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் பீட்ரிஸ் காலிஷ் 2006-ல் இதை நர்ஸ்களிடமே கேட்டு ஒரு பட்டியல் எடுத்தார். நோயாளியை நடக்க வைப்பது, திருப்பிப் போடுவது, நேரத்துக்கு ஊட்டுவது, வீட்டுக்குப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, டிஸ்சார்ஜ் ஏற்பாடு, ஆறுதலாகப் பேசுவது, உடல் சுத்தம், உள்ளே போன நீர் வெளியே போன நீர் கணக்கு, கண்காணிப்பு என்று ஒன்பது. இந்தப் பட்டியலை ஊசி, மருந்து, டாக்டர் ஆர்டர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்க ஆள் இருக்கிற வேலை நடந்துவிடுகிறது. மருந்து தவறினால் உடனே கேள்வி வரும். வாய் சுத்தம் செய்யாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை, நாக்கு வறண்டு தோல்போல் ஆகிக் கிடக்கும் அந்த நோயாளியைத் தவிர. அவரால் பேச முடியாது. இந்த வேலைக்கு வரும்போது ஒரு பெண் மனதில் வைத்திருந்தது எது? கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை, தலை வாரிவிடுவது, முதல் அடி எடுத்து வைக்கும்போது தோள் கொடுப்பது. அவைதான் முதலில் கழற்றி எறியப்படுகின்றன. மிஞ்சுவது கட்டங்களை நிரப்பும் வேலை. களைப்பு இரண்டிலும் உண்டு, ஆனால் நிறைவு ஒன்றில்தான் உண்டு.

ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்ற எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதை நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் குழுவினரும் 2002-ல் காட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து 168 மருத்துவமனைகளில் பார்த்தபோது, ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது பர்ன்அவுட் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி 15 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடியிருந்தன. நர்ஸின் மனநிலையும் நோயாளியின் உயிரும் ஒரே ரோஸ்டரில், அந்த டூட்டிப் பட்டியலில், தொங்குகின்றன. கலிஃபோர்னியா 1999-ல் சட்டம் போட்டு 2004 முதல் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று உச்சவரம்பு கொண்டுவந்தது. அதற்குப் பதிலாகப் புன்னகை போஸ்டர் ஒட்டும் இடங்கள் இன்னும் ஏராளம்.

பத்தாம் பெட் ஈரல்

1960-ல் இசபெல் மென்ஸீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் நர்சிங் பிரிவைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றைக்கும் சுடும். பயிற்சி மாணவிகள் பாதியில் விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள், ஏன் என்று பார்க்கப் போனார். அங்கே ஒரு நோயாளியின் முழுப் பொறுப்பு யாரிடமும் இல்லை. ஒருவர் எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பார், ஒருவர் எல்லோருக்கும் பெட்பேன் வைப்பார். நோயாளிக்குப் பெயர் கிடையாது, 'பத்தாம் பெட் ஈரல்'தான். நெருங்கினால் வலிக்கும், அதனால் நெருங்காமல் இருக்க அமைப்பே ஏற்பாடு செய்துகொண்டிருந்தது என்பது அவர் கண்டது. அந்த ஏற்பாடு பதற்றத்தைத் தீர்க்கவில்லை. நோயாளி தேறி எழும்போது 'இதில் என் கையும் இருந்தது' என்ற சந்தோஷத்தை மட்டும் ஒழுங்காகப் பறித்துக்கொண்டது.

மூளை ஆய்வுப் பக்கத்திலும் ஒத்துப்போகும் ஒன்று உண்டு. ஓல்கா கிளிமெக்கியும் டானியா சிங்கரும் செய்த பரிசோதனைகளில், அடுத்தவர் வலியைத் தன் வலியாகவே வாங்கிக்கொள்ளப் பழக்கியபோது மனநிலை கீழே போனது. அதே ஆட்களை, அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற கனிவோடு அணுகப் பழக்கியபோது மூளையில் வேறு பகுதிகள் இயங்கின, நல்லுணர்வும் திரும்பியது. ஆக, கனிவு தீர்ந்துபோகும் சரக்கு அல்ல. ஆனால் வார்டில் அந்தக் கனிவுக்குக் கையும் காலும் வேண்டும். இது வேண்டும் என்று தெரிகிறது, செய்யவும் தெரிகிறது, செய்ய விடாமல் நிலைமை கட்டிப்போடுகிறது என்றால் அது நெஞ்சில் வேறொன்றாகத் தங்கிவிடுகிறது. தத்துவவாதி ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-ல் இதற்குத் தார்மீக வேதனை என்று பெயர் வைத்தார். சிரித்த முகமாக இருங்கள் என்ற உத்தரவு இதன்மேல் வந்து உட்காரும்போது, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. அதுவும் உழைப்புதான், கூலி இல்லாத உழைப்பு.

கை மாறும் நேரம்

எல்லாம் திரும்பும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் ஷிஃப்ட் மாறும் அந்த அரை மணியைக் காட்டுவேன். நாள் முழுக்க என்ன நடந்திருந்தாலும், விட்டுப்போன வேலை நர்ஸோடு வீட்டுக்குப் போகிறதா வார்டிலேயே தங்குகிறதா என்பது அங்கே தீர்மானமாகிறது. உளவியலாளர் புளூமா ஸீகார்னிக் 1927-ல் கவனித்தது இது: முடித்த வேலையை விட இடையில் நின்ற வேலை நினைவில் அதிகம் ஒட்டுகிறது. பின்னால் 2011-ல் மாஸிகாம்போவும் பாமைஸ்டரும் காட்டியது, வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்யப்படும் என்று உறுதியான திட்டம் போட்டாலே மனம் அதை விட்டுவிடுகிறது என்பது. 2018-ல் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தது. படுக்கும் முன் 5 நிமிடம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களை விடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

இதை வார்டுக்குள் கொண்டுவருவது சுலபம். ஷிஃப்ட் முடிய 40 நிமிடம் இருக்கும்போது 5 நிமிடம் உட்கார வேண்டும். உட்கார வேண்டும் என்பது முக்கியம், நின்றுகொண்டே எழுதினால் பாதி விட்டுப்போகும். ஒரு தாளில் நான்கு கட்டம்: பெட் எண், என்ன விடுபட்டது, எத்தனை மணிக்குள் ஆக வேண்டும், யாரிடம் சொல்லியாயிற்று. "12-க்கு ஸ்கின் பாக்கணும்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "12: 2 மணிக்கு வலது பக்கம் திருப்பியது, 4 மணிக்குத் திருப்பவில்லை. வால் எலும்புப் பக்கம் சிவப்பு, விரலால் அழுத்தினால் வெளுக்கிறது. 7:30-க்குள் இடது பக்கம்." அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண்ணின் முதல் நிலை வந்துவிட்டது என்று பொருள், அப்போது டாக்டருக்கும் சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் அடுத்த நர்ஸின் காலை வேலை வரிசையே மாறும். பிறகு ஹேண்டோவரை மேசையில் முடிக்காமல் பெட் பக்கத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து போர்வையை விலக்கி அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டால், வீட்டில் படுத்துக்கொண்டு சந்தேகப்பட ஒன்றும் மிஞ்சாது. வாங்குகிறவர் வாய்விட்டு, "சரி சிஸ்டர், 12-ஐ 7:30-க்கு நான் திருப்பிடறேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தாள் வார்டிலேயே கிழிபட வேண்டும். நோயாளி விவரம் வெளியே போகக்கூடாது என்பது விதி, கைப்பையில் அந்தத் தாள் இருந்தால் ராத்திரி எடுத்துப் பார்க்கத் தோன்றும் என்பது அனுபவம்.

இது எங்கே கெடுகிறது என்றால், "ஏன் முடிக்கலை?" என்ற இரண்டு சொல்லில். வருகிறவர் முகம் சுளித்தபடி அப்படிக் கேட்டுவிட்டால், அடுத்த நாளிலிருந்து விட்டுப்போனது தாளில் வராது. திருப்பாத நோயாளிக்குத் திருப்பியதாக டிக் விழும். 4 மணிக் கட்டமும் 6 மணிக் கட்டமும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 6:40-க்கு நிரம்பும். சார்ட் முழுமையாக இருக்கும், நோயாளியின் முதுகு வேறு கதை சொல்லும். பொய் டிக் போட்ட நர்ஸ் கல்நெஞ்சக்காரர் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அவர்தான் அன்றைக்குத் தூங்காதவர். அதனால் இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் மாற்ற வேண்டியது படிவத்தை அல்ல, அந்தக் கேள்வியை. "என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்கப் பழகிய வார்டில் பதில் உண்மையாக வரும்.

இதைவிட ஒரு படி மேலே போகும் வார்டுகள், ஷிஃப்ட் பாதியிலேயே 5 நிமிடம் கூடி நின்று, "இன்னைக்கு எது விடுபடப் போகுது?" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கின்றன. இன்சார்ஜ் முடிவெடுத்துச் சொல்கிறார்: "உடம்பு துடைக்கிறது நாளைக்குப் போகட்டும். வாய் சுத்தம் மட்டும் நாலு பேருக்குக் கட்டாயம். 9-ஆம் பெட்டை நடக்க வைக்க நானே வரேன்." சொன்னதை எழுதியும் வைக்கிறார். வேலை குறையவில்லை. ஆனால் எதை விடுவது என்ற பாரம் தனி ஒருவரின் மனசாட்சியிலிருந்து இறங்கி வார்டின் முடிவாகிறது. மேலிடத்துக்கு ஆள் கேட்டு எழுத வேண்டிய ஆதாரமும் நாள்தோறும் தானாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. நிர்வாகங்கள் இதை விரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

சாவுக்குப் பின், தவறுக்குப் பின்

சாவு பெரிதில்லை என்று சொல்லவரவில்லை. சாவிலும் உறுத்துவது பாதியில் விட்ட உணர்வுதான். 40 நிமிடம் நெஞ்சை அழுத்திவிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பக்கத்துப் பெட்டுக்காரருக்கு வெந்நீர் எடுத்துக் கொடுக்கப் போவது மனிதர் செய்யக்கூடிய காரியமா? வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசர சிகிச்சை நர்ஸாக இருந்த ஜோனத்தன் பார்ட்டல்ஸ் இதற்கு ஒரு எளிய வழக்கத்தைத் தொடங்கினார். மரணத்தை அறிவித்த பிறகு ஒருவர், இவர் யாருக்கோ வேண்டியவராக இருந்தார், நாமும் முடிந்ததைச் செய்தோம், ஒரு கணம் நிற்போம் என்ற அளவில் சொல்வார். எல்லோரும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் மௌனத்தில் நிற்பார்கள். அவ்வளவுதான், பிரார்த்தனையோ உரையோ கிடையாது. இது கெடுவது மேலதிகாரி கட்டாயமாக்கி வருகைப்பதிவு எடுக்கும்போது. நிற்க விரும்பாதவர் நகர்ந்து போக வழி இருக்க வேண்டும். இதே காரணத்தால்தான், கோர சம்பவத்துக்குப் பின் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் கட்டாயக் கூட்டங்களிலும் எனக்கு நம்பிக்கையில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தனி ஆளை வைத்து நடத்தும் அப்படிப்பட்ட ஒற்றை அமர்வுகூடப் பின்னால் வரும் மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதாகக் காணவில்லை. ஒருசிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும்.

ஒரு நர்ஸ் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டார், நோயாளிக்கு ஏதோ ஆகிவிட்டது. மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-ல், தவறு செய்துவிட்ட மருத்துவரை இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று குறிப்பிட்டார். நர்ஸுக்கும் அது அப்படியே பொருந்தும். நோயாளியைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்த அடுத்த நிமிடம், அந்த நர்ஸின் மற்ற நோயாளிகளை வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும், அரை மணியாவது. கை நடுங்கிக்கொண்டிருப்பவரை அடுத்த ஊசியை ஏற்றச் சொல்வது இரண்டாவது தவறுக்கான அழைப்பு. அறிக்கை எழுதுவது தண்ணீர் குடித்த பிறகு. வீட்டுக்குத் தனியாக அனுப்பக்கூடாது, மறுநாள் ஒருவர் போன் செய்ய வேண்டும். இந்தப் போன் பெரும்பாலும் வருவதில்லை. எல்லோருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. "சாப்ட்டியா?" போதும்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆன் ரோஜர்ஸ் குழு 2004-ல் கண்டபடி 12.5 மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட ஷிஃப்டில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு. ஆகவே 12 மணி நேர ஷிஃப்டில் 'ஒரு அரை மணி இருந்துட்டுப் போ' என்பது சின்ன உதவி இல்லை. காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், காலை 9-க்குப் படுக்க நினைப்பவர் விடியற்காலை 3 மணிக்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது. இடைவேளையில் 20 நிமிடத் தூக்கம் பலன் தரும், எழுந்து 15 நிமிடம் கழித்துதான் ஊசி மருந்து கலக்கத் தொட வேண்டும். இடைவேளையில் பெல்லை யார் பார்ப்பார் என்று பெயர் சொல்லி ஒப்படைக்காவிட்டால் அது இடைவேளையே இல்லை. மூன்றாவது நைட் முடிந்த காலையில் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். தூங்கி எழுந்தும் அதே எண்ணம் இருந்தால் தாராளமாக எழுதலாம்.

என்ன ஆனார் என்று தெரியாமலே

தூங்கும் முன் அன்றைக்கு நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன என்பதையும் இரண்டு வாரம் எழுதிவரும் பயிற்சியை, டியூக் பல்கலைக்கழகத்தில் பிரையன் செக்ஸ்டன் குழு மருத்துவப் பணியாளர்களிடம் சோதித்து நல்ல பலன் கண்டது. செய்து பார்க்கலாம். அதில் 'தன் பங்கு' என்ற பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாக இதை நீட்டும்போது மட்டும் எரிச்சல் வருவது இயல்பு.

ஆனால் தன் பங்கை எழுத முதலில் முடிவு தெரிய வேண்டுமே. நர்ஸுக்கு அது தெரிவதேயில்லை. ஐ.சி.யூ.வில் 19 நாள் வென்டிலேட்டரில் கிடந்தவரைக் குழாய் எடுத்து, தேற்றி, வேறு வார்டுக்கு மாற்றுவார்கள். அதோடு கதை அறுந்துவிடும். அவர் நடந்தாரா, பேசினாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தப் பெட்டில் ஒரு மணி நேரத்தில் அடுத்தவர். இறந்தவர்கள் மட்டும் கண்முன்னே இறக்கிறார்கள், பிழைத்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிழைக்கிறார்கள். இதைச் சரிசெய்யக் காசு வேண்டாம். மாற்றிய மூன்றாம் நாளும் டிஸ்சார்ஜ் அன்றும் அந்த வார்டுக்கு ஒரு போன், அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கு மட்டும் ஒரு வரி. சம்மதித்தால் நோயாளியே ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கலாம்.

அப்படி வந்து வாசலில் நிற்பவரை முதலில் அடையாளம் தெரியாது. வாரக்கணக்கில் படுத்த வாக்கிலேயே, குழாயும் பிளாஸ்திரியுமாகப் பார்த்த முகம். நின்றால் ஆள் இவ்வளவு உயரமா என்றிருக்கும். பெயர் சொன்னாலும் சட்டென்று பிடிபடாது. வணக்கம் சொல்லக் கையைத் தூக்குவார், இடது முன்கையில் அந்த வளைந்த நரம்பு தெரியும், விடியற்காலை நாலு மணிக்கு மூன்று முறை நழுவிய நரம்பு. "ஐயோ, 6-ஆம் பெட்டா நீங்க!"